கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்

இலங்கையில் ருவான்வெல்லையைத் தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்து வளைவில் பஸ் பழுதாகி நிற்கிறது. மழை தூறிக்கொண்டே இருக்கிறது. சாலையோரம் புதிய கம்பி வேலி, அதில் ஆங்கிலத்தில் ஒரு பலகை. கையில் செவ்வந்திப் பூவோடு ஒரு பெண் அதைப் பார்த்தபடி நிற்கிறார். பெயர் செல்வராணி என்கிறார். தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு? வாச்சர் உள்ள போகக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்றாரு."

வாசித்துச் சொல்கிறேன். வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்று, தன் விமானங்கள் விடும் புகைக்கு ஈடாக இந்த மலையில் காடு வளர்க்கிறது. யாரும் நுழையக் கூடாது.

"அவங்க புகைக்கு எங்க மலையா?" என்று கேட்டுவிட்டு மேலே கைகாட்டுகிறார். "எம் மகள அங்கதான் புதைச்சோம். மண்சரிவுல நாங்க இருந்த லயத்து வீட்டோட போயிட்டா. பதினோரு வயசு. அப்படி ஒரு மழைய நாங்க பார்த்ததே இல்லைங்க. இன்னைக்குத்தான் அவ போன நாள்."

கம்பிகளுக்கு நடுவே கை மட்டும்தான் நுழைகிறது. பூவை உள்ளே விட்டு ஈரப் புல்லில் வைக்கிறார்.

"பிளேன்ல போறவங்களுக்கு இதெல்லாம் தெரியுமாங்க?"

"தெரியாதும்மா" என்கிறேன். முந்தாநாள் நான் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியதைச் சொல்லவில்லை.

பழுது சரியாகி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏறி ஜன்னலோரம் உட்கார்கிறேன். எங்காவது ஒரு திறப்பு இருக்குமா என்று பார்த்தபடி, அவர் வேலியோரமாகவே நடந்து போகிறார்.