சிவப்பு மையில் நான் அடித்த வரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்த வாரம் கட்டுரைத் தலைப்பு 'எங்கள் ஊர்ப் பூங்கா'. எழுதுவதற்கு முன்பு கரும்பலகையில் சொற்களை வரிசையாக எழுதிப் போடுவது என் வழக்கம். பசுமையான, எழில்மிகு, குளுமையான, வண்ண வண்ண, கண்ணைக் கவரும். பிள்ளைகளும் அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். ஒன்றைத் தவிர எல்லா நோட்டிலும் 'எழில்மிகு நீரூற்று' இருந்தது. எங்கள் ஊர்ப் பூங்காவில் குடிக்கிற தண்ணீர்க் குழாயே பாதி நாள் வராது. நீரூற்றுக்கு எங்கே போவது? ஆனாலும் அவர்கள் எல்லோருக்கும் சரி போட்டேன்.

அந்த ஒரு நோட்டுதான் என்னைக் கடுப்பேற்றியது. அந்தப் பூங்காவைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் மகள் எழுதியது. தினமும் பள்ளி விட்டதும் அம்மாவோடு அங்கேதான் இருப்பாள். பலகையில் இருந்த ஒரு சொல்லையும் அவள் தொடவில்லை. 'துருப்பிடித்த சறுக்குமரம். அதற்குப் பின்னாடி முள்ளு மறைத்த ஓட்டை மதில். அந்தப் பக்கம் குட்டி போட்ட நாய் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'துருப்பிடித்த' என்பதை அடித்து 'வழவழப்பான' என்று எழுதினேன். 'முள்ளு மறைத்த ஓட்டை' என்பதை அடித்து 'உயர்ந்த, உறுதியான' என்று போட்டேன். நாயை முழுசாகவே அடித்துவிட்டேன். கீழே, 'நல்ல சொற்களைத் தேர்ந்தெடு' என்று ஓர் அறிவுரை வேறு.

நோட்டை வாங்கிப் பார்த்தவள், "டீச்சர், அங்க அப்படித்தான் இருக்கு" என்றாள்.

"இருக்கறத எழுதச் சொல்லல. நல்லா எழுதச் சொன்னேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் நோட்டை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான்கு வயது மகளை அதே பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். அவள் சறுக்குமரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து என் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கல்யாணப் பேச்சு. சிரித்துவிட்டுத் திரும்பினால் சறுக்குமரத்தில் யாரும் இல்லை.

முதலில் ஒளிந்து விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஊஞ்சல் பக்கம், குழாய் பக்கம் எல்லாம் ஓடினேன். வாசலில் இருந்த வாட்ச்மேன், "கேட்டு வழியா எந்தப் பாப்பாவும் போவலீங்க டீச்சரம்மா. நான் இங்கனதான் ஒக்காந்திருக்கேன்" என்றார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண், "பாப்பா எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

"அழகா இருப்பா. அழகான கவுன் போட்டிருக்கா" என்றேன்.

"அழகுன்னா எப்படிங்க தெரியும்? கலரச் சொல்லுங்க!"

எனக்குக் கலர் வரவில்லை. நான்தான் போட்டுவிட்ட கவுன், நான்தான் பின்னிவிட்ட சடை. ஆனால் எந்தச் சொல்லும் வாய்க்கு வரவில்லை. பூங்காவின் பின்பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தேன்.

திரும்பவும் சறுக்குமரத்துக்கே ஓடினேன். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் செம்பழுப்பாகத் துரு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த நோட்டு அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. துருப்பிடித்த சறுக்குமரம். அதற்குப் பின்னாடி முள்ளு மறைத்த ஓட்டை மதில். அந்தப் பக்கம் நாய்.

பின்னால் மதிலை ஒட்டிக் கருவை முள் மண்டிக் கிடந்தது. புடவை கிழிவதைப் பார்க்காமல் விலக்கினேன். நான் 'உறுதியான' என்று எழுதிய மதிலில், ஒரு குழந்தை குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. என்னால் குனிந்து நுழைய முடியவில்லை, தவழ்ந்துதான் போனேன்.

அங்கே யாரோ போட்டுவிட்டுப் போன சிமெண்ட் குழாய்க்கு முன்னால் என் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதம்மா. கண்ணு தொறக்காத குட்டி" என்றாள்.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டது. அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்ததே, அந்த மூச்சைப் போல இன்னொன்றை நான் இதுவரை விட்டதில்லை. அப்போதுதான் பார்த்தேன், கவுன் மஞ்சள். ஓரத்தில் சாயம் போன மஞ்சள்.

திங்கட்கிழமை அந்தச் சிறுமியின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. அதனால் நான் எழுதியவற்றை எல்லாம் நீல மையால் அடித்து, 'நீ எழுதியதே சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்ததை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரித்த பிள்ளைகள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் மட்டும் நோட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப மார்க்கு டீச்சர்?" என்று கேட்டாள். பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த வாரமே அவளுடைய அம்மாவும் நானும் சேர்ந்து, மதிலை அடைக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கொஞ்ச நாளில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். குட்டிகளை வாட்ச்மேன் முன்னதாகவே வாசல் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் கட்டுரைக்கு முன்பு பிள்ளைகளைப் பூங்காவுக்கு ஒரு நடை அனுப்பிவிடுகிறேன். பலகையில் சொற்களை எழுதிப் போடுவதில்லை. ஆனால் இரவில் வீட்டில் நோட்டுகளைத் திருத்தும்போது 'இது நல்ல சொல் இல்லை' என்று தோன்றி, சிவப்புப் பேனா ஒரு சொல்லின் மேல் இறங்கப் போகும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் படுத்துத் தூங்கும் என் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.