இருமல் என்று சொன்ன வாசுதேவன்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வரைபடம் போடும் வேலையிலிருந்த வாசுதேவன் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்றொரு பேச்சு, 1998 மழைக்காலத்தில் குடியிருப்பு முழுக்கச் சுற்றியது. சனிக்கிழமைதோறும் மாமல்லபுரம் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர் அவர். ஆகவே வதந்திக்கு ருசி அதிகம். விசாரிக்கக் கிளம்பினால் கிடைத்த சாட்சியம் ஒன்றே ஒன்றுதான்: பின்பக்கக் குழாயடியில் அவர் ரத்த வாந்தி எடுத்ததைப் பின்வீட்டார் பார்த்தார்கள். குடிக்காதவன் எதற்கு ரத்தம் கக்குகிறான்?

வாசுதேவனையும் அதே கேள்விதான் ஆட்டிவைத்தது. பத்து நாளாகச் சளி, காய்ச்சல். தானே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆஸ்பிரினை வேளைக்கு இரண்டாக விழுங்கிவந்தார். அன்று குமட்டியது, குழாயடி சிவந்துபோயிற்று. செங்கல்பட்டு டாக்டர் ரெபேக்காளைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் கணக்குப் போட்டார். வாந்தி என்றால் குடிகாரன் என்பார்கள். இருமல் என்றால் காசநோய் என்பார்கள். காசநோய்க்கு அனுதாபமாவது உண்டு.

“இருமினா ரத்தம் வர்றது டாக்டர்.”

மனைவி கல்யாணி தலையாட்டினாள். அவளிடமும் அதைத்தான் சொல்லிவைத்திருந்தார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் சின்னதாக ஒரு நிமோனியா. டாக்டர் அவரைப் படுக்கையில் சேர்த்து ஊசி போட்டார். மூன்று நாள் சளியைச் சோதித்தும் காசநோய்க் கிருமி இல்லை. காய்ச்சல் இறங்கியது. டாக்டரின் முகம் மட்டும் தெளியவில்லை.

“இந்தத் துளியூண்டு நிமோனியாவுக்கு அவ்ளோ ரத்தமா சார்?” வயிற்றை அழுத்தினார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல்லாக வீங்கியிருந்தது. “உண்மையச் சொல்லுங்க. இருமலா, வாந்தியா? மாத்திச் சொன்னா நான் மாத்தி வைத்தியம் பண்ணுவேன்.”

வாசுதேவன் வயிற்றின்மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சொல்லிடு சாரு,” என்றாள் வார்டு ஆயா முனியம்மா. “எங்க வூட்டு ஆளும் இப்டித்தான் மறைச்சிகினு இருந்துச்சு. இப்ப செவுத்துல படமா தொங்கிகினு கீது.”

அவர் சொல்லிவிட்டார்: “வாந்தி. ஆனா சத்தியமா நான் குடிச்சதில்லை.”

“அதை யார் இப்போ கேட்டா?” என்றாள் கல்யாணி. “என்கிட்டயே மறைச்சேளே!”

மாலையில் மறுபடி ரத்தம் வந்தது. டாக்டர் உடனே சென்னைக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸ் ஊரப்பாக்கம் தாண்டும்போது அவருக்குக் கல்யாணியின் முகம் இரண்டாகத் தெரிந்தது. சென்னைக்கு உயிரோடு போய்ச் சேருவோமா என்று கேட்க நினைத்தார். அவள் ‘மாட்டோம்’ என்றுவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை.

சென்னையில் வாய்வழியே குழாய் விட்டும் ஸ்கேன் எடுத்தும் பார்த்தார்கள். ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் சின்ன வயதிலேயே அடைபட்டிருக்கிறது. வழியில்லாத ரத்தம் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் நாளங்களைப் புடைக்கவைத்திருக்கிறது. ஆஸ்பிரின் அதைக் கிளறிவிட்டது. புடைத்த இடங்களில் ரப்பர் வளையம் மாட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள்.

“ஈரல் நல்லா இருக்கு. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை,” என்றார் அங்கிருந்த டாக்டர்.

வாசுதேவன் எழுந்து உட்கார முயன்றார். “அதை லெட்டர்ஹெட்ல எழுதித் தருவேளா?”

பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தும்மலுக்கும் கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும்போது குரலை உயர்த்தவும் பயம்.

ரத்த வங்கி அவருக்காக நான்கு பாட்டில் தந்திருந்தது. ஆள் கொண்டுவந்து ஈடு செய்ய வேண்டும். உறவில் மூன்று பேர் கொடுத்தார்கள். நான்காவதற்குக் கல்யாணி குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டாள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு ஊசி என்றாலே மயக்கம். பயந்துகொண்டே வாசுதேவன் ரத்த வங்கியில் தன் கையையே நீட்டிப் பார்த்தார், நர்ஸ் விரட்டிவிட்டாள். அந்த ஒரு பாட்டில் இன்னும் பாக்கி.