இரண்டாம் எதிரி

உட்கார்ந்த இடத்தில் காலாட்டாதே என்று என்னைத் திட்டாத ஆசிரியர் கிடையாது. இப்போதும் தேனியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், மேசைக்கு அடியில் என் வலது கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். யாரோ ஒரு ஆட்டக்காரர் குடித்துவிட்டுக் காரை ஏற்றினார், அல்லது ஆளை அடித்தார், அவருடைய எதிர்காலத்தைக் கருதித் தண்டனை குறைக்கப்பட்டது என்று பேப்பரில் செய்தி வந்தால் போதும், மேசையும் சேர்ந்து ஆடும். பக்கத்து இருக்கைக்காரர் பேனாவைப் பிடித்துக்கொள்வார். அவருக்குக் காரணம் தெரியாது. இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஒரு தாலுகா கோர்ட்டின் வாசலில். அப்போது நான் நாலாம் வகுப்பு.

என் தாய்மாமன் கபடி ஆட்டக்காரர். ஊர்க் கபடியில் தொடங்கி டிவி கபடிக்குப் போனவர். ஓடைப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மாமா டிவியில் வரும் நாளில், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள் கைகால்கூடக் கழுவாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மாமா பாடிப் போகிறவர், அதாவது ரைடர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கூட்டாளி உண்டு. அவர் பிடிக்கிறவர். கணுக்காலில் கை வைத்தால் எடுக்கமாட்டார் என்பதால் ஊரே அவரை உடும்பு என்றுதான் கூப்பிட்டது. மாமாவை ஒரு வெளிமாநில அணி விலை கொடுத்து எடுத்துக்கொண்டது. உடும்பை யாரும் எடுக்கவில்லை. அவர் பந்தல் வேலைக்குப் போனார். மாமா ஊருக்கு வரும்போது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து ஊர் டீமில் ஆடினார்கள். உடும்பின் மகள் பவித்ரா என் வகுப்பு, என் பெஞ்சு.

ஒரு பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் போட்டி. கடைசி ரைடில் மாமாவின் கால் ஓரக் கோட்டைத் தொட்டுவிட்டது என்று நடுவர் விசில் ஊதினார். மாமா அவுட், ஊர் தோற்றது. நடுவர் பஞ்சர்க் கடை வைத்திருந்தவர், ஆசைக்காக விசில் ஊதப் போகிறவர். ஆட்டம் முடிந்து அவர் வண்டியை எடுக்கப் போன இடத்தில், உடும்பு வழக்கம்போலப் பிடித்தார், மாமா அடித்தார். தாடை உடைந்தது. இதை நான் பார்க்கவில்லை. ஆனால் இது நடந்ததைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கருத்து இருந்ததில்லை. கருத்து வேறுபாடெல்லாம் கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதில்தான்.

கேஸ் இழுத்துக்கொண்டே போய் ஒருவழியாகத் தீர்ப்பு நாள் வந்தது. அதற்கடுத்த வாரம் மாமாவுக்குத் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சி முகாம். உள்ளே போனால் முகாம் போச்சு, முகாம் போனால் எல்லாம் போச்சு என்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மதுரையிலிருந்து வந்த வக்கீல், தீர்ப்பன்று பிள்ளைகுட்டிகளோடு வந்து நில்லுங்கள், பார்த்தால் இரக்கம் வரும் என்று சொல்லியிருந்தார். மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதனால் இரக்கத்துக்கு நான்.

"மொகத்தப் பாவமா வச்சுக்கிறணும். பல்லக் காட்டிப்புடாத. வக்கீலு சொல்லியிருக்காக" என்று அம்மா என் சடையை இறுக்கிப் பின்னினாள். முந்தின நாள் முழுக்க அவள் மாமா வாங்கிய கப்புகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். அவையும் ஒரு சாக்கில் எங்களோடு வேனில் வந்தன. வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சாக்கு கலகலவென்று சத்தம் போட்டது. மாமா அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

உடும்பு பஸ்ஸில் வந்தார். அவருக்கு அரசு கொடுத்த இலவச வக்கீல். இரக்கத்துக்குச் சொந்தப் பிள்ளையே இருந்தது. பவித்ராவும் நானும் கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் உட்காரவைக்கப்பட்டோம். பாவமாக வைத்துக்கொள்ளச் சொன்ன முகத்தை எவ்வளவு நேரம்தான் பாவமாக வைத்துக்கொள்வது? கால்தான் முதலில் கேட்கவில்லை. ஆடத் தொடங்கியது. பவித்ரா சாக்கின் வாயைப் பிரித்து ஒவ்வொரு கப்பாக எடுத்துப் பார்த்தாள்.

"ஏடி, இது பண்ணைப்புரத்துல வாங்குனதுல்ல? இது எங்கப்பாவுக்கும் சேத்துக் குடுத்தது" என்றாள்.

உண்மைதான். பாதிக்கு மேல் ஊர் டீம் வாங்கியவை. எங்கள் வீட்டில் கண்ணாடி அலமாரி இருந்ததால் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தன. அம்மா வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் டவாலி வாசலுக்கு வந்து இரண்டு பேர் பெயரையும் கூப்பிட்டார். நாங்களும் பின்னாலேயே போய் நின்றோம். உள்ளே மாமாவை முதலாம் எதிரி என்றும் உடும்பை இரண்டாம் எதிரி என்றும் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. கபடியில் எதிரி என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். ஒரே டீமில் ஆடுகிற இரண்டு பேரும் எப்படி எதிரி ஆவார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பவித்ராவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

நீதிபதி மெதுவாகப் பேசினார். நாட்டுக்காக ஆட வாய்ப்புள்ளவர், இளம் வயது, முதல் குற்றம் என்பதெல்லாம் என் காதில் விழுந்தன. கப்புகள் அவருக்கு முன்னால் மேசையில் வரிசையாக நின்றன. முதலாம் எதிரிக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும். இரண்டாம் எதிரி மேல் ஏற்கெனவே வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை ஒன்றில் தண்டனை இருந்தது. ஆகவே அவருக்கு ஒரு வருஷம். அந்த வாய்க்கால் சண்டையில் மாமாவும் இருந்தார் என்று அப்பா வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அப்போது மாமாவின் பெயர் செய்திப் பேப்பரில் வரத் தொடங்கியிருந்தது, அதனால் போலீஸ் பேப்பரில் வரவில்லை.

அம்மா சாமியைக் கும்பிட்டாள். பவித்ராவின் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கோர்ட்டு கலையிற வரைக்கும்னா எதுவரைக்கும்பா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"சாயங்காலம் வரைக்கும். மாமா அங்கன பெஞ்சில ஒக்காந்திருக்கணும். ஐயா எந்திரிச்சுப் போனதும் நாம வீட்டுக்குப் போயிறலாம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கபடியில் அவுட்டானவன் வெளியே போய் வரிசையில் உட்கார வேண்டும். அவனுடைய டீம் ஒரு பாயிண்ட் எடுத்தால் அவனுக்கு உயிர் வரும், எழுந்து உள்ளே வரலாம். முதலில் அவுட்டானவனுக்குத்தான் முதலில் உயிர். மாமா கடைசிப் பெஞ்சில், முழங்கையைத் தொடையில் ஊன்றி, தலையைக் குனிந்து, டிவியில் அவுட்டானால் எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உடும்பைப் போலீஸ்காரர்கள் வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா எழுந்திருக்கப் பார்த்தார். பெஞ்சை விட்டு நகரக் கூடாது என்றார்கள்.

"மாப்ள, அப்பீல் போட்டுருவோம். நான் இருக்கேன்ல" என்றார் மாமா.

"நீ கேம்ப்புக்குப் போற சோலியப் பாரு. இங்கன நான் பாத்துக்கிறேன்" என்றார் உடும்பு. பார்த்துக்கொள்வதற்கு அங்கே என்ன இருந்தது என்று தெரியவில்லை. மகளைப் பார்த்து, "ஆத்தாவ அழுக விடாத" என்றார். போலீஸ் வேனின் கம்பி வலைக்குப் பின்னால் அவர் கை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அன்றைய பகல் நகர மறுத்தது. மாமாவுக்காக நாங்கள் காத்திருந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருந்த பவித்ராவையும் அவள் அம்மாவையும், எங்கள் வேனிலேயே போகலாம் என்று அப்பா நிறுத்திவைத்திருந்தார். டைப் அடிப்பவர் அடித்துக்கொண்டே இருந்தார். காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னல் வழியாக மாமாவைப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்து காலாட்டினேன். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

அப்போது அந்த நடுவர் வெளியே வந்தார். தாடை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பேச்சு குழறியது. அவரால் இப்போது விசில் ஊத முடியாது என்று பேசிக்கொண்டார்கள். ஜன்னல் அருகில் நின்று மாமாவைப் பார்த்தார்.

"நான் குடுத்த அவுட்டுக்கு ஒக்கார மாட்டேன்னாக. ஐயா குடுத்த அவுட்டுக்கு ஒக்காந்திருக்காக" என்றார் அப்பாவிடம். "எதுவரைக்கும்?"

அப்பா வேன் நின்ற பக்கம் திரும்பினார். நான் சொன்னேன், "சாயங்காலம் வரைக்கும்."

அவர் சிரித்தார். தாடை கோணியதால் அது சிரிப்புதானா என்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை. அவர் போன பிறகு பவித்ரா முதல்முறையாக அழுதாள்.

எனக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்று தவிப்பாக இருந்தது. தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? "அழுகாதடி. எங்க மாமாதான மொத எதிரி? அதான் அவுகளுக்கு மொதல்ல உசுரு வருது. அடுத்து ஒங்கப்பாதான். மாமா பாயிண்ட் எடுத்தா ஒங்கப்பா வந்துருவாக" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவா?"

"ரூல்ஸே அதான."

கபடி ரூல்ஸ் அவளுக்கும் தெரியும். அழுகையை நிறுத்திவிட்டாள். அவ்வளவு எளிதாக ஒருவரைத் தேற்றியது எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் நீதிபதி எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள், மாமாவும் எழுந்தார். கோர்ட் கலைந்தது. வேனில் கப்புகள் மறுபடி கலகலத்தன. மாமா வழியெல்லாம் அப்பீலைப் பற்றியே பேசினார். பிறகு முகாம் வந்தது. முகாமிலிருந்து அப்படியே டிவி ஆட்டத்துக்குப் போனார். அப்பீல் பேச்சு பேச்சாகவே இருந்தது.

அந்த வருஷ டிவி கபடியில் மாமா முதல் ஆட்டம் ஆடிய அன்று எங்கள் வீடு நிரம்பிவிட்டது. பவித்ரா எல்லோருக்கும் முன்னதாகவே வந்து, டிவிக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள். தலை வாரி, பூ வைத்து, பள்ளிக்கூட விழாவுக்கு மட்டும் போடும் பாவாடையைப் போட்டிருந்தாள். மாமா முதல் ரைடிலேயே ஒருவனைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினார். வீடே கத்தியது. பவித்ரா கத்தவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள். அவள் அம்மா கூப்பிட வந்திருப்பாள் என்று நினைத்து நானும் பார்த்தேன். யாரும் இல்லை.

மாமா மறுபடி பாயிண்ட் எடுத்தார். அவள் மறுபடி வாசலைப் பார்த்தாள். அன்று மாமா ஆடியதுதான் ஆட்டம். தொட்டதெல்லாம் பாயிண்ட். நான் துள்ளிக் குதித்துத் திரும்பியபோது பவித்ரா இடத்தில் இல்லை. வெளியே ஓடிப் பார்த்தால், தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏடி, ஆட்டம் முடியல. அங்கன எதுக்கு நிக்கிற? வா!" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க மாமா இன்னும் எத்தன பாயிண்ட் எடுக்கணும்டி?" என்று கேட்டாள்.

மாமாவின் ஆட்டத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இன்னும் நெறைய எடுப்பாக, நீ வேணா பாரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ரைடு போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் உள்ளே ஓடினேன்.