மிசினை நிறுத்திவிட்டுப் போனவள்

மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இருளாயிக்கு முப்பது வயது கடந்திருந்தது. கணவன் மாயாண்டியோடு ஈப்போ நகருக்கு வந்து, அங்கே புந்தோங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் குடியேறினாள். மாயாண்டிக்கு பஸ் கழுவும் வேலை. இருளாயிக்கு ஒரு ரப்பர் ஆலையில் இடம் கிடைத்தது. கட்டி ரப்பரை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக எடுக்க வேண்டும்.

உருளைகளுக்குள் கை போகாதபடி முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று நிர்வாகம் அதைக் கழற்றிப் பின்கட்டில் போட்டிருந்தது. 1981இல், பக்கத்து மிசினில் நின்ற ராக்காயியின் வலது கையை உருளைகள் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

ஆலை இயந்திரங்களைச் சோதிக்கும் அரசாங்க அதிகாரி விசாரிக்க வருவதற்கு முதல் நாள், போர்மன் மத்தியாஸ் தடுப்பைக் கொண்டுவந்து மாட்டினார். பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ராக்காயிதான் தடுப்புக்கு மேல கைய விட்டுடுச்சு. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். எல்லாருக்கும் வேலை வேணும்லா?"

மறுநாள் அதிகாரி ராக்காயியின் மிசின் முன்னால் நின்றார். மேனேஜர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். இருளாயி தன் மிசினை நிறுத்திவிட்டு நேராக அவர்களிடம் போனாள்.

"துவான், பெசி இத்து செமலாம் பாரு பாசாங்," என்றாள் மலாயில். மற்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னாள். "இந்த இரும்ப நேத்துதான் மாட்டுனாங்க. ராக்காயி கை போனப்ப இது இங்க இல்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் திரும்பி வந்து தன் மிசினை மறுபடி ஓட்டினாள்.

அந்த வாரமே மத்தியாஸ் அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வர வேணாம் இருளாயி. ஓடுற மிசின விட்டுட்டுப் போனியாம். பெரிய குத்தம்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"நிறுத்திட்டுத்தானே அண்ணே போனேன்? நீங்க பாத்தீங்கள்ல?"

அவர் ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

"யாருக்கும் இல்லாத அக்கறை ஒனக்கு மட்டும் என்ன?" என்று வீட்டில் மாயாண்டி திட்டினான். திட்டி முடித்த பிறகு, அவளைச் சைக்கிளில் ஏற்றித் தொழில் உறவு இலாகாவுக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். அங்கே ஒரு தமிழ் அதிகாரி இருந்தார்.

"உண்மைய சொன்னவங்கள காப்பாத்தன்னு தனியா ஒரு சட்டம் இல்லம்மா," என்றார் அவர். "ஆனா, நியாயமான காரணம் இல்லாம வேலைய விட்டு நிறுத்துனா, திரும்ப வேலை கேக்கலாம். ஒரு மாசத்துக்குள்ள வரணும். நல்லவேளை, வந்துட்டீங்க."

இலாகாவில் நடந்த சமரசப் பேச்சுக்கு வந்த கம்பெனி ஆள், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகிவிடச் சொன்னார். இருளாயி ஒத்துக்கொள்ளவில்லை.

"வாங்கிட்டுப் போனா நான் சொன்னது பொய்னு ஆயிடும்லா. எனக்கு வேலைதான் வேணும்."

வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. அது எடுக்கப்படுவதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை இருளாயி சாப்பாட்டுக் கடைகளில் தட்டு கழுவினாள். தடுப்பைக் கழற்றியதற்காக ஆலைக்கு அபராதம் விழுந்ததை அவள் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

ராக்காயிக்கு ஆலையிலேயே கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அவள் சாட்சி சொல்ல வரவில்லை. கம்பெனி தன் சாட்சியாக மத்தியாசைக் கூட்டி வந்தது. ஓடுகிற மிசினை விட்டுப் போனது ஆபத்து என்று, கம்பெனி சொல்லிக்கொடுத்தபடியே அவர் சொன்னார். அப்போது நீதிமன்றத் தலைவர் குறுக்கிட்டார்.

"இருளாயி போனபோது மிசின் ஓடிக்கொண்டிருந்ததா?"

மத்தியாஸ் கம்பெனி வக்கீலைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லைங்க. நிறுத்திட்டுத்தான் போச்சு."

இருளாயியைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மத்தியாஸ் அதற்குள் ஆலையை விட்டுப் போயிருந்தார். அவராகப் போனாரா, அனுப்பினார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் திரும்பிப் போன புதிதில் பெண்கள் நிர்வாகத்துக்குப் பயந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினார்கள். ராக்காயி மட்டும் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் கோர்ட்டுக்கு வரல..."

"வந்திருந்தா இந்த வேலையும் போயிருக்கும். உக்காரு, சாப்பிடு."

1987இல் ஆலையை மூடினார்கள். இருளாயி ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சேர்ந்து, முதுகு வலி வந்து முடியாமல் போகும்வரை அங்கேயே வேலை செய்தாள்.