தேன் நிரம்பி வந்த போத்தல்

காலை ஆறரைக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர். மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்துச் சீட்டுக்காரர், "மீன் வாங்கவா தங்கச்சி?" என்றார். "சிறுநீர் எடுத்துவர" என்றேன். அதோடு மனுசன் என்னோடு கதைக்கவேயில்லை.

எட்டரைக்கு நற்பிட்டிமுனை. கல்முனையிலிருந்து ஆட்டோ முந்நூறு ரூபாய். வயற்காரர் மீராலெப்பை வாசலிலேயே நின்றார்; அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பேன். அவருடைய சிறுநீரகம் பாதிக்கு மேல் தழும்பாகிவிட்டது. அழற்சி என்றால் மருந்தால் தணிக்கப் பார்க்கலாம். தழும்பு விழுந்தால் விழுந்ததுதான். எது எவ்வளவு என்று பார்க்க முதுகுப்பக்கம் ஊசி குத்திச் சிறுநீரகச் சதையில் ஒரு துணுக்கு எடுக்கவேண்டும். அதைச் சிறுநீரிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. காக்கா ஒரு வருடமாகச் சிறுநீர் தந்து உதவுகிறார். அடுத்தடுத்த இரண்டு விடியலில் எடுத்த இரண்டு போத்தல்களே கடைசி. ஒன்று குறைந்தாலும் அவர் தந்த அத்தனையும் வீண்.

அவர் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்பேன்; அவர்தான் இரண்டு போத்தலையும் நீட்டினார். ஒன்றில் அன்று விடிய எடுத்தது. மற்றதில் தேன்!

"ஒண்டே காணும், மத்தது தேவையில்ல எண்டு நினைச்சன் தங்கச்சி. வெறும் போத்தலத் திருப்பிக் குடுக்க மனம் வருமா? நல்லாக் கழுவித்தான் ஊத்தினன்."

எனக்கு வந்த கோபத்துக்குத் தலையில் அடித்துக்கொண்டேன். நல்லகாலம், பையில் புதுப் போத்தல் ஒன்று கிடந்தது. நாளை விடிய எடுத்தால் இன்றையதோடு சேரும். "அப்ப இண்டைக்கு நீங்க இஞ்சதான்" என்று ராத்தா என் பையைப் பறித்து உள்ளே வைத்தார். பகல் எனக்கு மீன்கறி, காக்காவுக்கு உப்பில்லாமல் தனிக்கறி.

பின்னேரம் காக்கா மெல்லக் கேட்டார்: "இதால எனக்குச் சுகம் வருமா புள்ள?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லக் காக்கா."

"ஓம், டொக்டரும் அதத்தான் சொன்னாரு. என்ட மகளுக்கும் இப்ப கால் வீங்குது. அவளுக்காவது ஊசி குத்தாமக் கண்டுபிடிங்க."

மறுநாள் விடியற்காலைச் சுபஹு தொழுகைக்கு முன்பே எடுத்த போத்தலை, தொழுதுவிட்டு வந்து அவரே தந்தார். "கெதியாப் பெட்டிக்குள்ள வைங்க. இவ கண்டா இதுக்கும் தேன் ஊத்திருவா." ராத்தாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஏழரை பஸ்ஸில் ஏறும்போது கைப்பையில் தேன். அந்த வீட்டை நான் மறக்கமாட்டேன். பெட்டியைக் காலடியில் வைக்கச் சொன்னார் கொண்டக்டர். "மீன்தானே அக்கா?"

"இல்ல தம்பி. ஒரு வாப்பா மகளுக்குக் குடுத்துவிட்டது" என்றேன். மட்டக்களப்பு வரை மடியிலேயே வைத்திருந்தேன்.