அகரவரிசை தெரியாத கம்ப்யூட்டரும் முத்துலட்சுமியும்

டி.டி.பி. தொழிலில் கம்ப்யூட்டர் செய்கிற வேலைக்குப் பாராட்டு கம்ப்யூட்டருக்கு. அது செய்யாத வேலைக்கு ஏச்சு நமக்கு. தொண்ணூறுகளில் தமிழ் டைப் செய்து பிழைத்தவர்கள் எல்லோரும் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

பட்டன் தட்டிய பெருமை

பாளையங்கோட்டையில் என் கடைக்கு மேலப்பாளையத்திலிருந்து மெகர்பானு வந்தார். நெசவுச் சொற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வேட்டின் கடைசியில் எண்ணூறு சொற்கள், ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற எண்ணோடு. அவை அகரவரிசையில் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் வேறு நெறியாளரைத் தேடி முதலிலிருந்து அலைய வேண்டும். கையில் இருந்தது எட்டு நாள்.

"இதென்னம்மா பெரிய வேலை, ஒரு பட்டன்தான்" என்று தட்டினேன். ஆங்கிலத்துக்கு இருந்த வரிசைக் கட்டளை தமிழுக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் கொம்பையே முதல் எழுத்தாக எடுத்துக்கொள்ள, கொம்பு முன்னால் வருகிற பாவத்துக்காகக் கெண்டையும் பெட்டியும் தொட்டியும் ஒரே இடத்தில் கூடி நின்றன. மெகர்பானு தாளை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் கொண்டாந்த வரிசையே தேவல."

மில்லில் படித்த பாடம்

என்னிடம் வேலை பார்த்த முத்துலட்சுமி விக்கிரமசிங்கபுரத்துப் பெண். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. தினமும் பஸ்ஸில் வருவாள், அதிகம் பேச மாட்டாள். அவள் ஒரு தாளில் எழுத்துகளை எல்லாம் வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் எழுத்துகளுக்குரிய எண்களை அடித்தாள். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் போகிறது, எண் தெரியுமே!

முதல் தடவை ஒன்றுக்கு அடுத்துப் பத்து வந்து நின்றது. அவள் அசரவில்லை. எல்லா எண்ணும் மூன்று இலக்கமாக இருக்கும்படி முன்னால் சைபர் சேர்த்தாள். நாலு நாள் வேலை. கடைசியில் எண்ணூறும் வரிசையில் வந்து நின்றபோது எனக்குப் புல்லரித்தது. எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"மில்லுல நூல் கோன் எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கும். கலந்துரக் கூடாதுன்னு ரகத்துக்கு ஒரு கலர் வைப்பாவ. நான் நம்பர் வச்சேன், அவ்வளவுதான் அண்ணாச்சி."

நான் செய்த உதவி

இனி முன்னால் போட்ட எண்களை நீக்க வேண்டும். மறுநாள் அவள் வருமுன் அந்தப் புண்ணியத்தை நானே கட்டிக்கொண்டேன். எண் எதுவாக இருந்தாலும் அழி என்று கட்டளை கொடுத்தேன். இந்தக் கட்டளை மட்டும் அருமையாக வேலை செய்தது. பக்க எண்களும் சேர்ந்து போயின. கடையைப் பூட்டிவிட்டுத் திருச்செந்தூருக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

முத்துலட்சுமி வந்து பார்த்தாள். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்தாள். முந்தின நாள் வேலை அப்படியே அதில் இருந்தது. தான் போட்ட எண்களைத் தனிக் கட்டமாகப் பிரித்து, அந்தக் கட்டத்தை மட்டும் பைய எடுத்துவிட்டாள். ஒரு பிரதி வைக்க எப்படியம்மா தோன்றியது என்றேன்.

"நீங்க சும்மா இருக்க மாட்டியன்னு தெரியும் அண்ணாச்சி."

கையெழுத்து

ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் நெறியாளர் பட்டியலைப் பார்த்தார். மெகர்பானுவோடு நானும் போயிருந்தேன். நினைத்த சொல்லை எல்லாம் சொல்லித் தேடச் சொன்னார். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மெகர்பானு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி வரிசை போடுகிற சாப்ட்வேர் எங்கே கிடைக்கிறது, தம் புத்தகத்துக்கும் வேண்டும் என்றார் நெறியாளர். நான் வாயைத் திறக்குமுன் மெகர்பானு முந்திக்கொண்டார்.

"விக்கிரமசிங்கபுரத்துல சார். தெனமும் ஒம்பதரை பஸ்ஸுல வந்து எறங்கும்."

அடுத்த வாரமே 'தமிழ் அகரவரிசை செய்து தரப்படும்' என்று பலகை எழுதி மாட்டினேன். கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது என்று எனக்கு மட்டும் முத்துலட்சுமியின் உத்தரவு.