விஸ்தின் வண்டி போகாத சதுக்கம்

என் வீட்டுக்காரர் விஸ்தினின் வண்டியில் ஏறியவர்கள் கோசோத் தீவில் பார்க்காத இடம் கிடையாது. உப்புப் பாத்திகளைப் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், அவருடைய சித்தப்பா மகன் ஆடு கறக்கிற தொழுவத்தைக்கூடப் பார்ப்பார்கள். நாலு மணி நேரத்துக்குப் பேசி ஏறியவர்களை ஆறு மணி நேரம் சுற்றவிட்டுத்தான் இறக்குவார். அதிகப்படி நேரத்துக்குக் காசு கேட்கத் தெரியாது. கேட்கச் சொன்னால், "நான்தானே பேசிட்டே இருந்தேன், அவங்களா பேசினாங்க?" என்பார்.

வயது ஐம்பத்தொன்பது. ஆடி வெயிலிலும் சலவைச் சட்டை. கறுப்பு பென்ஸ் வண்டி. கையில் பயணி பெயர் எழுதிய அட்டையோடு காலையில் படகுத்துறையில் நிற்பார். அந்தப் பெயரில் ஒரு எழுத்தாவது தப்பாக இருக்கும். எதிரே வருகிற பாதிப் பேருக்கு ஹாரன் அடித்து வணக்கம் சொல்வார். கோட்டையைக் கட்டிய வருடம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் மனிதர் நல்லவர், அதை நானே சொல்கிறேன், அவரோடு முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவள்.

அவர் யாருக்கும் காட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் மேட்டுக் கோயிலும் அதன் முன்னால் இருக்கிற சதுக்கமும். தீவிலேயே பெரிய கோபுரம் அதற்குத்தான். அந்தச் சதுக்கம் வழியாகப் போனால் இரண்டு நிமிடத்தில் கடக்கிற ஊரை, அதைத் தவிர்ப்பதற்காகச் சந்து சந்தாகப் புகுந்து பதினான்கு நிமிடத்தில் கடப்பார். கேட்டால் ரோடு வேலை நடக்கிறது என்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரே இடத்தில் ரோடு வேலை.

காரணம் வேறொன்றுமில்லை, எங்கள் ஊரில் இரண்டு கோயில், இரண்டு புனிதர், இரண்டு பேண்டு வாத்தியக் கிளப். மேட்டுக் கோயில்காரர்கள் சிவப்பு, கடல் பக்கத்துக் கோயில்காரர்கள் நீலம். புனிதர்களின் பெயரைச் சொன்னால் யாரை முதலில் சொன்னாய் என்று சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். ஒருவர் திருவிழாவில் வாணம் ஐம்பது என்றால் அடுத்தவர் அறுபது விடுவார். நான் பிறந்தது சிவப்பில். வாழ்க்கைப்பட்டது நீலத்தில். என் அண்ணன் ஸ்பீரு சிவப்பு பேண்டில் பெரிய முரசு அடிக்கிறவன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சிவப்புத் திருவிழா அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு, அண்ணன் வேண்டுமென்றே எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று முரசடித்தான். அரை மணி நேரம். இவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு மாடி முகப்பிலிருந்து ஒரு வாளி சோப்புத் தண்ணீரை அப்படியே முரசின் மேல் கவிழ்த்தார். தோல் தொளதொளத்துப் போயிற்று. அன்று சிவப்பு ஊர்வலம் முரசு இல்லாமல் போனது. அவர்கள் சரித்திரத்தில் அதுவே முதல்முறை. அன்றோடு மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு நின்றது. முதலில் அவன் மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவரும், இவர் கேட்கட்டும் என்று அவனும். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்.

அண்ணன் மகள் மார்தீஸுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அம்மா படகுத்துறையில் வேலைக்குப் போக, நாலு வருடம் என் மடியில் வளர்ந்தவள் அவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முரசு நனைந்த பிறகு அவளைச் சந்தையிலும் ரொட்டிக் கடையிலும் பார்த்தால்தான் உண்டு. பார்த்தால் கட்டிக்கொள்வாள், நானும் விடமாட்டேன்.

இந்த வைகாசியில் அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. சனிக்கிழமை மாலை நாலு மணி, மேட்டுக் கோயில், குடும்பத்தோடு வரவும். இவர் அதை இரண்டு தரம் படித்தார். உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார். "நீ போறதுன்னா போ," என்றார்.

கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தனியாகப் போய் நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "எங்க உங்க வீட்டுக்காரர்?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். போகாவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது? ஒரு வாரம் தூக்கம் இல்லை. போதாக்குறைக்கு இவர் அதே சனிக்கிழமைக்கு ஒரு முழுநாள் சவாரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, "வேலை வந்துருச்சே, என்ன பண்ண?" என்று கையை விரித்தார்.

பெண்கள் தனியாக வந்தால் நானும் கூடப் போவது வழக்கம். வீட்டில் உட்கார்ந்து மேட்டுக் கோயில் மணியைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வந்தவர் பெயர் இங்கெர். டென்மார்க்காரி, அறுபத்தெட்டு வயது, வாட்டசாட்டமான ஆள். பின்னால் உட்கார்ந்து கடலைப் பார்க்காமல் இவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உப்புப் பாத்திகளில் இறங்கியதுமே கேட்டார், "தூரத்துல தெரியுதே, அந்தப் பெரிய கோபுரம், அது என்ன?"

"அதுவா? தண்ணித் தொட்டி," என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

எனக்குப் பகீர் என்றது. மேட்டுக் கோயிலைப் பார்த்துத் தண்ணித் தொட்டி என்கிறாரே, நான் ஞானஸ்நானம் வாங்கிய இடம் அது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கோட்டை மேல் ஏறினோம். அங்கிருந்து அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. இங்கெர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"தண்ணித் தொட்டி மேல சிலுவை இருக்கே?"

"எங்க ஊர்ல தண்ணிக்கு ரொம்ப மரியாதைங்க," என்றார் இவர்.

 மதியம் ஃப்திரா ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து ஊருக்குள் நுழைந்தோம். மணி மூன்று. இவர் வழக்கம்போல சந்துக்குள் திருப்பினார். இடது, இடது, வலது, மறுபடி இடது.

"விஸ்தின், இந்த மஞ்சள் வீட்டை நாம இப்பதான் தாண்டினோம்," என்றார் இங்கெர்.

"இங்க எல்லா வீடும் மஞ்சள்தாங்க. ரோடு வேலை நடக்குது."

"எங்க நடக்குது? ஒரு கடப்பாறைகூடக் கண்ணுல படல. முப்பத்தி நாலு வருஷம் நான் டவுன் பஸ் ஓட்டினவ. சுத்தி விடறது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

இவர் காது சிவந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "தண்ணித் தொட்டியும் இல்ல, ரோடு வேலையும் இல்லம்மா," என்றேன். "அது கோயில். என் அண்ணன் பொண்ணுக்கு நாலு மணிக்கு அங்க கல்யாணம். இவரு ஒரு வாளித் தண்ணிக்காக இருபத்திரண்டு வருஷமா அந்தப் பக்கம் போறதில்ல. நானும் போறதில்ல. நான் வளர்த்த பொண்ணு அது." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒரு பயணி முன்னால் அழுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

"பிலோ, சவாரி நேரத்துல என்ன இதெல்லாம்?" என்றார் இவர்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.  அப்புறம் இங்கெர்தான் பேசினார்.

"என் புருஷன் என்னை விட்டுட்டு வேற ஒருத்தி கூடப் போனான். எங்க போனான் தெரியுமா? என் பஸ் ரூட்டுலயே, ஏழாவது நிறுத்தத்துக்கு எதிர் வீடு. பதினோரு வருஷம் தினமும் அங்க நிறுத்திருக்கேன். அந்தப் பொம்பளை ஏறுவா, டிக்கெட் கொடுப்பேன். ஒரு நாள்கூட அந்த நிறுத்தத்துல நிக்காம ஓட்டினதில்ல."

"எப்படிங்க முடிஞ்சது?" என்றார் இவர்.

"வாய்க்குள்ளயே திட்டுவேன். ஆனா நிறுத்துவேன். அங்க நிக்கற மத்த ஆளுங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

இவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். டிரைவருக்கு டிரைவர் சொன்னது உறைத்திருக்க வேண்டும். நான் சொல்லியிருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிக மரியாதையாக, "இப்ப எங்கங்க போகணும்?" என்று கேட்டார்.

"தண்ணித் தொட்டிக்கு," என்றார் இங்கெர்.

"பயணி சொல்ற இடத்துக்குத்தான் போகணும். என்ன பிலோ? அதுக்கு நான் பொறுப்பில்ல," என்றார். எனக்கா சொன்னார், ஊருக்கா, தெரியவில்லை. வண்டி நேராக மேட்டில் ஏறியது.

சதுக்கம் முழுக்கச் சிவப்புத் தோரணம். கிளப் வாசலில் நின்றவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையில் இருந்த கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் கோயில் படிக்கு நேராக வண்டியை நிறுத்தினார். இங்கெர் இறங்கினார். நான் இறங்கவில்லை. காலில் பழைய செருப்பு, உடம்பில் மாவுக் கறை படிந்த கவுன், இந்தக் கோலத்தில் எப்படிப் போவது?

"போய் டிக்கியத் திற," என்றார் இவர், என்னைப் பார்க்காமலே.

திறந்தேன். உள்ளே, இஸ்திரி போட்டு, கசங்காமல் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, என் சிவப்புப் பட்டு கவுன். பக்கத்தில் குதிகால் செருப்பு. பத்திரிகை வந்த மறுநாள் ஆசை தாங்காமல் வாங்கி, இவருக்குத் தெரியக்கூடாது என்று கம்பளிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது. விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை. இவர் பிய்த்திருந்தார்.

"எப்ப வெச்சீங்க?"

"காலைல. நீ குளிக்கப் போனப்ப."

"அப்புறம் ஏன் நாள் முழுக்கத் தண்ணித் தொட்டின்னீங்க?"

"தைரியம் வரல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதரை அன்றைக்குப்போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை, அன்றைக்குப்போல அடிக்கவும் தோன்றியதில்லை.

கிளப்பின் பின்கட்டில் உடை மாற்றிக்கொண்டு ஓடிவந்தேன். இவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். "நீ போ. நான் வேலைல இருக்கேன்," என்றார். சரி, இந்த மட்டும் வந்தாரே என்று நான் படியேறினேன். கோயில் வாசலில் திரும்பிப் பார்த்தபோதுதான் கல்யாண வண்டி வந்து சேர்ந்தது. மார்தீஸ் இறங்க வேண்டிய இடத்தில் எங்கள் பென்ஸ் நின்றது.

அண்ணன் இறங்கினான். கறுப்பு கோட்டு, வியர்த்த நெற்றி. கறுப்பு பென்ஸை யாருக்குத் தெரியாது? நேராக வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான்.  

"மாப்ள, வண்டிய கொஞ்சம் முன்னால எடு," என்றான்.

இருபத்திரண்டு வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு.

"முன்னால எங்க இருக்கு இடம்? உன் பேண்டுக்காரனுங்க நிக்கறாங்க," என்றார் இவர். "பின்னால தாராளமா இருக்கு மச்சான். உன் ஆளுக்கு ஓட்டத் தெரியல." சொல்லிவிட்டு, சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய், கல்யாண வண்டிக்காரனுக்குக் கை காட்ட ஆரம்பித்தார். "வா, வா, ஒடி, இன்னும் ஒடி, நேராக்கு, போதும், நிறுத்து." அந்த வண்டி எங்கள் பென்ஸுக்குப் பின்னால் படிக்கு ஒட்டி வந்து நின்றது. முப்பது வருடப் பழக்கம், கார்க் கதவைக் கண்டால் இவர் கை சும்மா இருக்காது. பின்கதவைத் திறந்து கை நீட்டினார்.

மார்தீஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கிய பிறகும் விடவில்லை. இடது கையில் அப்பா, வலது கையில் இவர்.

"கைய விடும்மா, பாப்பா," என்றார் இவர்.

"மாட்டேன் மாமா. படி வழுக்கும்."

"நாலு படிதானே."

"நாலு படிக்கும் வேணும்."

நாலு படியும் ஏறிய பிறகும் அவள் விடவில்லை. இவரை உள்ளே இழுத்துக்கொண்டே நடந்தாள். நான் முன்னால் ஓடி மூன்றாவது பெஞ்சில் இடம் பிடித்தேன். ஆர்கன் வாசிக்கத் தொடங்கிய அதே நேரம், வெளியே எங்கள் பென்ஸ் கிளம்புகிற சத்தம். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று இங்கெர் ஏறி ஓட்டிப்போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. இவரைத் தவிர வேறு ஆள் அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. இங்கெர் ஊரிலோ ஸ்டீயரிங் இடது பக்கம், எங்கள் ஊரில் வலது பக்கம். நடுக்கோயிலில் இவர் நின்றுவிட்டார்.

"என் வண்டிய யாரோ எடுத்துட்டுப் போறாங்க," என்றார் உரக்க.

"போகட்டும் மாமா. நடங்க," என்றாள் மார்தீஸ்.

"நேராப் பாத்து நட, மாப்ள. ஊரே பாக்குது," என்றான் அண்ணன்.

நடந்தார். பீடத்துக்கு முன்னால் அவளை ஒப்படைத்துவிட்டு, வழி தெரியாதவர்போல நின்று, என்னைக் கண்டதும் வந்து உட்கார்ந்தார். நகர்ந்து இடம் விட்டேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாவிய வண்டிலயே விட்டுட்டு வந்துட்டேன் பிலோ," என்றார்.

அன்றைக்குக் கண் கலங்கியது அதற்காகத்தான் என்று இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறார்.